போடிச் சத்திரத்தில் நான் கவிழ்ந்த கதை

தலைகீழாக நிற்பதில் குரங்கணிச் சரிவில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. மிஞ்ச ஆள் இல்லாததற்குக் காரணம், அந்தச் சரிவில் வேறு யாரும் தலைகீழாக நிற்க முயன்றதில்லை என்பதுதான். காலால் நடப்பதற்கே அங்கே படாத பாடு படவேண்டும்.

குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டி எங்களுக்கு வீடு. வீடு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பச்சைக் காயைக் கொட்டிக் கழுவுவதற்கென்று முன்பு கட்டிய அறையில் குறுக்கே ஒரு சுவர் எழுப்பி, ஒரு பக்கம் சமையல், ஒரு பக்கம் படுக்கை என்று எங்களிடம் ஒப்படைத்திருந்தார்கள். கல்யாணமாகி வந்த முதல் வருஷம் என் மனைவி சாரலைப் பார்த்து அழுதாள், அட்டையைப் பார்த்து அழுதாள், அடுப்புப் புகை வெளியே போகாததற்கும் அழுதாள். பிறகு அழுகை நின்றுவிட்டது. நின்றதே போதும் என்று இருந்துவிட்டேன். ஏன் நின்றது என்று விசாரிக்கவில்லை.

எனக்கு அப்போது இரைப்பு இருந்தது. ஆடி, ஆவணியில் மூடுபனி இறங்கினால் என் நெஞ்சுக்குள் பூனை கத்தும். அந்தச் சமயத்தில்தான் மதுரைத் திருவிழாக் கடையில் ஓர் ஆசனப் படம் வாங்கினேன். ஒரே தாளில் பல ஆசனங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். அவர் முறுக்கு மீசைக்காரர். நேராக உட்கார்ந்தாலும் மீசை மேலே பார்க்கும், தலைகீழாக நின்றாலும் மீசை மேலேதான் பார்க்கும். அந்த மீசைதான் எனக்கு முதல் வாத்தியார். தாளைச் சுவரில் ஒட்டி, தினம் விடிந்ததும் அதே மூலையில், அதே கம்பளியை விரித்து, அவர் செய்ததையெல்லாம் செய்தேன். பிடித்ததைச் சேர்த்துச் செய்தேன். குனிந்து கால் கட்டை விரலைப் பிடிப்பது மட்டும் பிடிக்கவில்லை. அந்தப் படத்தின்மேல் பஞ்சாங்கத்தை மாட்டிவிட்டேன்.

சிரசாசனம் எனக்கு ஆகி வந்தது. நின்றால் நின்றபடி இருப்பேன். என் மனைவி அதை ஒரு பெரிய காரியமாக நினைக்கவில்லை. என்னைச் சுற்றிக் கூட்டிக்கொண்டே போவாள். "நிக்கிறதுதான் நிக்கிறீங்க, கால் எட்டுதுல்ல, அந்த ஒட்டடையைத் தட்டி விடுங்க" என்பாள். தட்டி விட்டிருக்கிறேன். மனிதனுக்கு எந்த நிலையிலும் குடும்பக் கடமை உண்டு.

சில வருஷத்தில் இரைப்பு போன இடம் தெரியவில்லை. ஆனால் அது போனதைப் போடியிலிருந்த என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ஒப்புக்கொள்ள மறுத்தார். அவருக்கு ஊரை ஒட்டி வயல், ஊருக்குள்ளே ஏலக்காய் மண்டி. அந்த மண்டியில் என்னைக் கொண்டுவந்து உட்காரவைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்கு அவரிடம் பகை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மண்டியில் உட்காருவது என்றால் அவருக்கு எதிரே உட்காருவது. அவர் ஏப்பம் விட்டால்கூட நான் ஆமாம் போடவேண்டும். தவிர, எனக்கு மலை பிடித்திருந்தது. காலையில் கதவைத் திறந்தால் போடி முழுவதும் காலுக்குக் கீழே கிடக்கும். மச்சானின் மண்டியும் அதில் அடக்கம் என்று நினைக்கும்போது மனசுக்கு ஒரு குளிர்ச்சி.

காய் பறிப்பு ஓய்ந்த ஒரு பங்குனியில் நாங்கள் இருவரும் இறங்கி வந்து மச்சான் வீட்டில் தங்கியிருந்தோம். அப்போது ஊரில் ஓர் ஆசன வாத்தியார் வந்திருந்தார். ஏதோ ஒரு சமஸ்தானத்தில் ராஜா வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்று பேச்சு. கடைக்காரர்கள் கூடி அவரைச் சத்திரத்தில் தங்கவைத்து, காலையில் அங்கேயே வகுப்பும் ஏற்பாடு செய்திருந்தார்கள். மச்சானுக்கு உடனே ஒரு யோசனை உதித்தது.

"மாப்ளே, ஆசனம் போட்டுத்தான் இரைப்பு போச்சுன்னு சொல்றீங்க. நீங்க போடுறது நெசமான ஆசனந்தானான்னு வாத்தியார் பாத்துச் சொல்லட்டும். சரின்னுட்டார்னா அப்புறம் நான் வாயத் தொறக்கல. இல்லேன்னா சட்டிபானையக் கட்டிக்கிட்டுக் கீழ வந்துருங்க. தங்கச்சியும் எத்தனை நாளைக்கு அங்க கெடந்து சீரழியும்?"

நான் யோசிக்காமல் தலையாட்டினேன். சிரசாசனத்தில் நின்று காட்டினால் வாத்தியாரே எழுந்து நின்று வணங்குவார் என்று எனக்கு நினைப்பு. தங்கச்சி என்று குறிப்பிடப்பட்டவள் உள்ளே புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அவளை இருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சத்திரத்துக் கூடம் கல் பாவியது. எண்ணெய் வார்த்தால் வார்த்த இடத்திலேயே நிற்கும், அவ்வளவு சமம். பத்துப் பதினைந்து கடைக்காரர்கள் கோவணத்தை இறுக்கிக்கொண்டு கூச்சத்தோடு நின்றார்கள். எல்லோரையும் நான் வேட்டி துண்டோடு மட்டுமே பார்த்திருந்தேன். இப்படிப் பார்த்தபிறகு அவர்களிடம் பேரம் பேசுவது சிரமம் என்று தோன்றியது. எனக்கு வலப்பக்கம் கனத்த சரீரமுள்ள மிளகு வியாபாரி ஒருவர் கம்பளியை விரித்தார். மச்சான் வகுப்பில் சேரவில்லை. தூணில் சாய்ந்து வேப்பங்குச்சியை மென்றபடி மேற்பார்வை பார்த்தார்.

வாத்தியார் ஒல்லியானவர். அவருக்கு மீசையே இல்லை. அதிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது.

வீட்டில் தனியாக ஆசனம் போடுகிறவன் ஒரு குட்டி ராஜா. எதை முதலில் செய்வது, எப்போது விடுவது, எப்போது காப்பி குடிப்பது எல்லாம் அவன் இஷ்டம். வகுப்பில் இன்னொருவர் "ம்" என்றால் மடங்கவேண்டும், இன்னொரு "ம்" வரும்வரை மடங்கியே கிடக்கவேண்டும். அந்த இரண்டாவது "ம்" வருவதற்குள் எனக்கு வாழ்க்கை முழுவதும் நினைவுக்கு வந்தது. பஞ்சாங்கத்தை மாட்டி நான் மறைத்திருந்த அதே ஆசனத்தில்தான் அவர் ஆரம்பித்தார். என் கைக்கும் கட்டை விரலுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. மிளகு வியாபாரி அந்தத் தொந்தியோடு எட்டிப் பிடித்துவிட்டார். பிடித்ததோடு நில்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்து, "முடியலையா அப்பு?" என்று பரிவாகக் கேட்டார்.

பிறகு காலை மடக்கி வயிற்றோடு அணைக்கிற ஆசனம் வந்தது. உள்ளே இருக்கும் வாயு விலகுவதற்காக ஏற்பட்டது அது. கூடம் நெடுக விலகியது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. வாத்தியார் மட்டும் "நல்லது, நல்லது" என்று ஒவ்வொன்றுக்கும் ஆசீர்வாதம் செய்துகொண்டே போனார்.

என்னிடம் வந்தபோது அவர் நின்றுவிட்டார்.

"முகம் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது? மூச்சை விடும்."

"எப்போது விடவேண்டும்?"

"உயிரோடு இருக்கும்வரை விட்டுக்கொண்டே இரும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபமாக வந்தது. ஆனால் அவர் சொன்னதும்தான் எனக்கே தெரிந்தது. இத்தனை வருஷமும் ஒவ்வோர் ஆசனத்திலும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். படத்தில் மீசை தெரியும், மூச்சு தெரியாதே! அன்று அவர் சொன்னபடி விட்டு வாங்கிப் பார்த்தேன். நெஞ்சு அகன்று கொடுத்தது. அந்த ஒன்றுக்காக அவருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவன்.

கடைசியில் சிரசாசனம். "தெரிந்தவர்கள் மட்டும்" என்றார் வாத்தியார். நான் மச்சானை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையை ஊன்றினேன். கால்கள் ஒழுங்காக மேலே போயின. நிமிர்ந்தன. அப்படியே வலப்பக்கம் சாய்ந்து, நான் மொத்தமாக மிளகு வியாபாரியின்மேல் விழுந்தேன்.

"ஆத்தாடி!" என்றார் அவர்.

கம்பளி வழுக்கிவிட்டது என்றேன். மறுநாள் கம்பளி இல்லாமல் நின்றேன், விழுந்தேன். அதற்கு மறுநாள் மிளகு வியாபாரி முன்ஜாக்கிரதையாக எனக்கு இடப்பக்கம் மாறிக்கொண்டார். வலப்பக்கம் காலியாக இருந்தது. அந்தக் காலியிடத்தில் கல்தரை அதிர விழுந்தேன். ஒருநாள்கூட இடப்பக்கம் விழவில்லை, முன்னே பின்னேயும் விழவில்லை. எப்போதும் வலது. என் உடம்பு என்னையே எதிர்த்துச் சாட்சி சொல்வதுபோல் இருந்தது. இரைப்பு திரும்பிவிட்டதோ, மூளையில் ஏதாவது கோளாறோ என்றெல்லாம் உள்ளூரப் பயந்தேன். மலைக்கு இனிப் போகமுடியாதோ என்றும் பயந்தேன். வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

வாத்தியார் தாடையைத் தடவினார். "மனசில் ஒரு சாய்வு இருக்கிறது. அதுதான் உடம்பில் தெரிகிறது. சிரசாசனத்தை விடும். முதலிலிருந்து சம்மணம் போட்டு உட்காரும்" என்றார். நேற்று வந்த துணிக்கடைக்காரருக்குப் பின்னால் என்னை உட்காரவைத்தார். மச்சான் வேப்பங்குச்சியைத் துப்பிவிட்டு உற்சாகமாக வீட்டுக்குப் போனார். அன்று மத்தியானமே மண்டியில் எனக்கென்று ஒரு மெத்தையும் திண்டும் தைக்கக் கொடுத்துவிட்டார். உறை எந்த நிறத்தில் வேண்டும் என்று என்னையே கேட்டார். அந்த அக்கறைதான் எனக்குத் தாங்கவில்லை.

விஷயம் வெளிப்பட்டது சத்திரத்தில் அல்ல, மச்சான் வீட்டு அடுப்படியில். நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். என் மனைவி ரசச் சட்டியை இறக்கித் தரையில் வைத்தாள். வைத்த கை அப்படியே ஓர் ஓட்டுச் சில்லை எடுத்துச் சட்டியின் அடியில் செருகியது. ரசம் விளிம்பு தாண்டி ஓடியது.

மச்சான் மனைவி தலையில் கைவைத்தார். "ஏன் ஆத்தா, வந்த நாள்லருந்து பாக்குறேன், எந்தச் சட்டிய எறக்குனாலும் ஒரு சில்லு செருகுற. நேத்துக் கொழம்பு, இன்னிக்கு ரசம். சட்டி என்ன நொண்டியா?"

என் மனைவி தன் கையைத் தானே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "அங்க செருகாட்டிப் போனா கவுந்துரும் மதினி. தரை அப்பிடி. கை பழகிப்போச்சு."

நான் சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். காய் கழுவிய தண்ணீர் வடிவதற்காக அந்த அறையின் தரையைப் பள்ளத்தாக்குப் பக்கம் சரித்தே கட்டியிருந்தார்கள். சுற்றிலும் மலையே சரிந்து நிற்கிற இடத்தில் தரையின் சரிவு என் கண்ணில் படவே இல்லை. சட்டி வைக்கிறவளுக்குத்தான் தெரிந்திருக்கிறது. அவள் சில்லு செருகிச் சமன் செய்தாள். என் உடம்பு மலைப்பக்கமாக, அதாவது வலப்பக்கமாக, ஒரு மயிரிழை சாய்ந்து தன்னைத்தானே சமன் செய்துகொண்டிருந்தது. சமதரைக்கு வந்தும் அது சாய்வதை விடவில்லை.

மறுநாள் ஒரு மணைப்பலகையையும் இரண்டு ஓட்டுச் சில்லையும் தூக்கிக்கொண்டு சத்திரத்துக்குப் போனேன். பலகையின் வலப்பக்கத்தைச் சில்லால் உயர்த்தி அதன்மேல் நிற்கிறேன் என்றேன்.

"ஏன்?" என்றார் வாத்தியார்.

"இந்தத் தரை எனக்குச் சரியில்லை."

ஆடத் தெரியாமல் கூடத்தைக் குறை சொன்ன ஒருத்தியைப் பற்றி நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அன்று காலையில் அங்கிருந்த ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒரு தடவை என்னிடம் சொல்லிவிட்டார்கள். மிளகு வியாபாரி இரண்டு தடவை சொன்னார்.

வாத்தியார் மட்டும் சொல்லவில்லை. "பலகையில் நின்றால் பலகைதான் ஆசனம் போட்டது என்பார்கள். நீர் நின்ற தரையை நான் பார்க்கவேண்டும். எப்போது போகலாம்?" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மீசை இல்லாததை அப்போதே மன்னித்துவிட்டேன்.

தீர்ப்பு வழங்கும் இடத்தில் தான் இல்லாவிட்டால் எப்படி என்று மச்சானும் புறப்பட்டார். குரங்கணிவரை மாட்டுவண்டி. அதற்குமேல் கழுதைகள் ஏலக்காய் சுமந்து இறங்கும் ஒற்றையடிப் பாதை. முதல் வளைவில் மச்சான் செருப்பைச் சரிசெய்ய உட்கார்ந்தார். இரண்டாவது வளைவில் சரிசெய்ய ஒன்றும் இல்லாமலேயே உட்கார்ந்தார். வாத்தியார் அடிக்கடி நின்று, "ஆகா, என்ன காட்சி!" என்று மலையை வியந்தார். அவர் வியந்த இடத்திலெல்லாம் புதர்தான் இருந்தது. என் மனைவி தலையில் ஒரு மூட்டையோடு எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நான் மூக்கால் மூச்சை விட்டு வாங்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனேன். நெஞ்சில் பூனையும் இல்லை, எலியும் இல்லை.

"மாப்ளே, கொஞ்சம் நில்லுங்க" என்று இரைந்தார் மச்சான்.

"மூச்ச விடுங்க மச்சான்" என்றேன். அந்தச் சந்தோஷத்தை நான் யாருக்கும் விட்டுத்தரமாட்டேன்.

வீட்டுக்குள் வந்ததும் வாத்தியார் தரையைக் கண்ணால் அளந்தார். "சமமாகத்தானே தெரிகிறது" என்றார். என் மூலையில் என் கம்பளியை விரித்து, தலையை ஊன்றி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூப்போலக் காலைத் தூக்கினார். நேராக நின்றார். பிறகு மெதுவாக, அவசரமே இல்லாமல், பள்ளத்தாக்குப் பக்கம் சாயத் தொடங்கினார். அவர் முகத்தில் முதலில் ஆச்சரியம், அப்புறம் கவலை. ஊருக்கு இறங்குமுன் என் மனைவி முறத்தில் பரப்பிவைத்திருந்த சுண்டைவற்றல்மேல் போய் விழுந்தார்.

மச்சான் ஓடிவந்து தூக்கினார். வாத்தியார் வற்றலைத் தட்டிவிட்டுக்கொண்டு ஒரு செம்பு தண்ணீர் கேட்டார். குடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அதை அறையின் நடுவில் ஊற்றினார். தண்ணீர் ஒரு கணம்கூடத் தயங்காமல் கீழ்மூலைக்கு ஓடிச் சுவரில் இருந்த பழைய வடிகால் ஓட்டை வழியாக வெளியேறியது.

"இப்போது நீர் நில்லும்" என்றார்.

நின்றேன். மூச்சை விட்டு வாங்கிக்கொண்டு நின்றேன். மீசைக்காரர் சுவரிலிருந்து தலைகீழாக என்னைப் பார்த்தார். மேலே ஓர் ஒட்டடை தெரிந்தது. காலால் தட்டிவிட்டேன்.

வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆசனம் அசல்தான். சத்திரத்தில் நிற்க இவருக்கு ஒரு வருஷம் பழக்கம் வேண்டும். இங்கே நிற்க எனக்கும் ஒரு வருஷம் வேண்டும். மனசில் சாய்வு என்று சொன்னேனே, அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்" என்றார்.

வழக்கு ஜெயித்துவிட்டது என்று இறங்கினேன். மச்சான் அசையவில்லை.

"ஆசனம் சரி. இரைப்பும் இல்ல, ஒத்துக்கிறேன். ஏறும்போதே பாத்தேன். ஆனா ஆசனம் போடுறவருக்கு மலை சரி, சட்டிபானை கழுவுறவளுக்கு? கோணத் தரையில எந்தங்கச்சி ஏன் குப்பை கொட்டணும்?"

நான் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. அவள் எனக்காகப் பொறுத்துக்கொண்டு இருக்கிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அப்படி நினைப்பதில் எனக்கு ஒரு வசதியும் இருந்தது.

அவள் இலை போட்டாள். மூவரும் உட்கார்ந்தோம். சோறு வைத்து, மிளகு ரசத்தோடு வந்தாள். மச்சான் கீழே வழக்கமாகச் செய்வதுபோல் சோற்றின் நடுவில் குழி பறித்துக்கொண்டு கோபத்தோடு காத்திருந்தார். ரசம் குழியில் நிற்கவில்லை. சோற்றை உடைத்து, இலையைத் தாண்டி, கீழ்ச்சரிவில் உட்கார்ந்திருந்த அவர் மடியில் போய் நின்றது. அவர் துள்ளினார்.

"பாத்தியா! இதைத்தான் சொல்றேன். பேசாம கீழ வந்துரு ஆத்தா. நம்ம வீட்ல எல்லாம் சமமாக் கெடக்கு."

அவள் சட்டியை இறக்கி வைத்தாள். கை பார்க்காமலேயே ஒரு சில்லை எடுத்து அடியில் செருகியது. ரசம் விளிம்பு தொடாமல் சட்டென்று அடங்கி நின்றது.

"கீழ வந்தா எனக்குக் கைவாகு வரலண்ணே. எதை வச்சாலும் சிந்துது. ராத்திரி படுத்தாக்கூட, என்னமோ மலைப்பக்கமா உருண்டுபோற மாதிரியே இருக்கு. இங்கதான் எனக்குச் சிந்தாம நிக்கிது. அவருக்காக ஒண்ணும் நான் இங்க இல்ல."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்த அவமானம் வேறு கிடையாது.

மச்சான் நனைந்த வேட்டியைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். சட்டியின் அடியில் இருந்த சில்லைப் பார்த்தார். ஆயிரம் இருந்தாலும் வயல்காரர். மெதுவாகச் சோற்றைக் கீழ்ச்சரிவுப் பக்கமாக ஒதுக்கி, விரலால் அணைத்து, ஒரு வரப்பு கட்டினார்.

"ம், இப்ப ஊத்து ஆத்தா" என்றார்.